கொஞ்சம் கூடுதல் நீலம்

சாயங்காலம் ஏழு மணி தாண்டியதும் முன்னறைச் சுவரில் ஒரு வெளிச்சம் ஏறும். முதலில் புத்தக அலமாரி, அப்புறம் சுவரில் மாட்டிய கல்யாணப் படம், கடைசியாக ஜன்னலோரம் நிற்கும் அவன் முகம். நீலம் தோய்ந்த வெள்ளை வெளிச்சம். வெகுதூரத்துக் கப்பலொன்று வழிதவறித் தெருவுக்குள் வந்துவிட்டதுபோல இருக்கும். கப்பலிலிருந்து அவன் மனைவி இறங்குவாள்.

அந்தக் காரை ஓட்டி வந்தவருக்கு அவன் மனதுக்குள் வைத்திருந்த பெயர் நெட்டையர். பெயிண்ட் கம்பெனியில், நிறம் சரிபார்க்கும் பிரிவில், அவளுக்குப் பக்கத்து மேஜைக்காரர். காருக்குள் தலை கூரையில் இடிக்காமலிருக்கக் கழுத்தைச் சாய்த்தே உட்கார்ந்திருப்பார். அந்தச் சாய்வும் அவள் பக்கமாகவே இருப்பதாக அவனுக்குப் பட்டது.

"நான் ஆறு மணிக்கே கடைய சாத்திடறேன். நானே வந்து கூட்டிட்டு வரேன்னா ஏன் வேண்டாங்கறே?" என்று கேட்டான்.

"உங்க கார்லயா? ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி வச்ச மாதிரி லைட்டு. போன தடவ குப்பைத்தொட்டிய ஆளுன்னு நெனச்சு ஹாரன் அடிச்சீங்க."

"தொட்டி அசைஞ்சுது."

"அசையும், அசையும். அவரு கார்ல ரோட்டுல கெடக்கற இலை கூடத் தெரியுதுங்க."

இலை. அந்த இலையை இரண்டு பேரும் சேர்ந்தா பார்த்தார்கள்? அன்று முழுக்க அது அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உதிர மறுத்தது. அவள் வீட்டுக்கு வருவதென்றால் தன் காரில், தன் பக்கத்து இருக்கையில்தான் வரவேண்டும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வாசலிலேயே நெட்டையரை மடக்கினான். "என்ன பல்பு சார் போட்டிருக்கீங்க?"

"செனான் சார். நாலாயிரத்து முன்னூறு கெல்வின். நீங்களும் அதையே போடுங்க, மழைக்கு நல்லாயிருக்கும்." கழுத்தைச் சாய்த்துச் சிரித்தார்.

அவன் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. நாலாயிரத்து முன்னூறு கெல்வின் என்றால் பால்நிற வெளிச்சம் என்று எங்கேயோ படித்திருந்தான். இதுவோ நீலம். நல்ல பல்பைத் தனக்கு வைத்துக்கொண்டு மட்டமான பல்பை அடுத்தவன் தலையில் கட்டப் பார்க்கிறார். மனுஷன் பலே ஆள்!

ஹெட்லைட் கடைக்காரர் வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். கடைக்குப் பின்னால் ஒரு இருட்டறை வைத்திருந்தார். தரையில் தண்ணீர் தெளித்த கறுப்பு ரப்பர் விரிப்பு, நடுவே வெள்ளைக் கோடு, கோடு முடியும் இடத்தில் எழுத்து எழுதிய பலகை. ஒவ்வொரு பல்பாக ஏற்றிக் காட்டினார்.

"இதுவா சார், அதுவா? எது தெளிவா இருக்கு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க அவன் கேட்கிற கேள்வி அது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண் பரிசோதனையில் பொய் சொல்கிறவர்களை அவனுக்கு மூச்சுவிடுவதை வைத்தே தெரியும். எழுத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள், கண்ணாடி போட்டால் வயசாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள். அவர்களிடம் அவன் சத்தம் போடமாட்டான். "இன்னொரு தடவ பாருங்க" என்பான், அவ்வளவுதான்.

நாலாயிரத்து முன்னூறில் கோடு கடைசிவரை தெரிந்தது. பலகையின் பொடி எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. ஆறாயிரத்தில் கோடு இளைத்தது. எட்டாயிரத்தில் கோட்டை யாரோ மைக்கூட்டில் முக்கி எடுத்திருந்தார்கள். ஆனால் சுவரில் விழுந்த அந்த நீலம்! நெட்டையருடையதைவிட ஒரு படி மேல்.

"இதுதான்."

"கோடு தெரியுதா சார்?"

"பளிச்சுனு தெரியுது."

"கெல்வின் ஏறுனா வெளிச்சம் ஏறாது சார், நீலந்தான் ஏறும். நிறுத்தி வச்சு போட்டோ எடுக்கறதுக்குன்னா எட்டாயிரம் ஜோர். ஓட்டறதுக்குன்னா..."

"பளிச்சுனு தெரியுதுன்னு சொன்னேன்ல?"

"அப்ப சரி. கண்ணு உங்களோடது."

மூன்று நாள் வானம் அவன் கட்சியில் இருந்தது. கம்பெனி வாசலில் அவன் காரைப் பார்த்ததும் அவள் புருவத்தை உயர்த்தினாள். "அடேயப்பா, ஐஸ்கட்டிக்குள்ள போற மாதிரி இருக்கே!" என்றாள். நெட்டையர் தூரத்தில் தனியாகத் தன் காருக்குள் மடங்கி நுழைவதைக் கண்ணாடியில் பார்த்தான். ஊரையே சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஈரமான தார்ரோடு நீலத்தை அப்படியே குடித்துவிட்டது. அவன் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து ரோட்டைத் தேடினான்.

"கோடு எங்கங்க?"

"இருக்கு."

"எங்க இருக்குன்னு கேக்கறேன்."

சொல்வதற்குள் முன்சக்கரம் நடுத்திட்டின்மேல் ஏறி இறங்கியது. அவள் கை அவன் சட்டையைப் பிடித்தது. பின்னால் ஒரு கார் மெதுவாக வந்து, அவர்களைத் தாண்டி, விளக்கைச் சிமிட்டிக் காத்து நின்றது.

"அவருதான். அவரு பின்னாலயே போங்க."

போனான். வேறு வழியில்லை. தன் மனைவியைத் தன் காரில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கு, நெட்டையரின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போனான்.

மறுநாளே அவள் பழைய கப்பலுக்குத் திரும்பிவிட்டாள். "உயிரோட வந்தாத்தானே உங்ககூடச் சண்டை போட முடியும்?" என்றாள்.

இருட்டறைக்குள் அவன் மறுபடி போய் நின்றபோது கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "வாங்க சார், போட்டோ எடுத்து முடிச்சாச்சா?"

இந்தத் தடவை அவன் பொய் சொல்லவில்லை. கோடு கடைசிவரை தெரிந்த பல்பையே கையால் காட்டினான். ஆனாலும் ஒரு சந்தேகம் போகவில்லை. "ஒருத்தரு இதே நாலாயிரத்து முன்னூறுதான் போட்டிருக்கேங்கறாரு. ஆனா நீலமா எரியுது. புளுகுதானே?"

"புளுகு இல்ல சார். பல்புக்கு வயசாயிடுச்சு. செனான் கிழடு தட்டுனா நீலமாயிடும், வெளிச்சம் இறங்கிக்கிட்டே வரும். ஒருநாள் பொசுக்குனு போயிடும். அவர வரச் சொல்லுங்க, மாத்திரலாம்."

இத்தனை நாளும் ஒரு பல்பின் நரையைப் பார்த்தா வயிறெரிந்துகொண்டிருந்தான்?

அன்று சாயங்காலம் தூறலில் அவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொண்டான். பால்நிற வெளிச்சம் ஈரத்தைத் தொட்டுத் தடவிக்கொண்டு முன்னால் போனது. கோடு இருந்தது. கோட்டின்மேல் ஓர் இலை ஒட்டிக் கிடந்தது.

"இலை" என்றாள் அவள்.

"பாத்தேன்" என்றான். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

சிக்னலில் பக்கத்து வரிசையில் நெட்டையரின் கார் வந்து நின்றது. இரண்டு வெளிச்சங்களும் முன்னால் நின்ற லாரியின் முதுகில் அருகருகே விழுந்தன. அவள் அவற்றை, வேலையில் இரண்டு பெயிண்ட் மாதிரிகளைப் பார்ப்பதுபோல, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அவரோடது போன மாசத்தவிட நீலம் கூடியிருக்கு. மங்கலாவும் இருக்கு. ஏதாவது கோளாறா இருக்குமோ? உங்களுக்குத் தெரியுமா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நாளைக்கே இவள் அவரிடம் சொல்லுவாள். அவரும் மாற்றுவார். அந்தக் காரிலும் மறுபடி இலை பளிச்சென்று தெரியும்.

"தெரியலையே. ஸ்டைலுக்குப் போட்டிருப்பாரு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கடையில் எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்து, அவன் வாடிக்கையாளர்களிடம் பேசுவதைக் கேட்டவள் அவள்.

"இன்னொரு தடவ பாருங்க" என்றாள், சத்தம் போடாமல்.

சிக்னல் பச்சைக்கு மாறியது. லாரி நகர்ந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் இன்னும் பக்கத்து வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.