சட்டைப் பைக்குள் வந்த கடிதங்கள்

தம்பி நிதுர்ஷன் அவளுடைய தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போய் விற்ற அன்று வதனி அழவில்லை. அவளைச் சுவரோடு சாத்தி, கழுத்தில் கிடந்த அம்மாவின் சங்கிலியைக் கேட்ட அன்றும் அழவில்லை, கழற்றிக் கொடுத்துவிட்டாள். நாலு நாள் கழித்து, கன்னம் ஒட்டி, கண்கள் உள்ளே போய், அடிபட்ட நாய்போல் வந்து படுத்தவனின் தலைமாட்டில் இருந்துகொண்டு, "எழும்பு தம்பி, ஒரு இடத்துக்குப் போவம்" என்றாள். எங்கே என்று கேட்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. பின்னாலேயே வந்து செட்டிபாளையத்தில் பஸ் ஏறினான்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தவன் அவன். இரண்டு ஷிப்ட் வேலையை ஒன்றாகச் செய்யலாம், நித்திரை வராது என்று யாரோ ஐஸ் என்ற போதைத்தூளைக் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் வேலை போயிற்று, பல் இரண்டு போயிற்று. அம்மா, அப்பா இல்லாத வீட்டில் அவனை ஐந்து வயதிலிருந்து வளர்த்தவள் வதனிதான். அவள் கேட்காத சோதிடமில்லை, வைக்காத நேர்த்தியில்லை. கடைசியாக மிஞ்சியது, நகரத்துக்கு வெளியே வாவிக்கரையில் பாஸ்டர் ஹரல்ட் நடத்திய மீட்பு இல்லம்.

"கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்திப்போடுவானுகள் புள்ள" என்று அயலில் சொன்னார்கள்.

"எந்தச் சாமி அவனை ஆளாக்கித் தருதோ, அந்தச் சாமியே வச்சிக்கொள்ளட்டும்" என்றாள் வதனி.

ஹரல்ட் ஒருகாலத்தில் குடித்துக் குடித்தே தச்சுப்பட்டறையை அழித்தவர். ஒருநாள் முழங்காலில் நின்று ஜெபித்து எழுந்தவர், அதன்பின் ஒரு சொட்டும் தொடவில்லை. அதனால் அவருடைய இல்லத்தில் மருந்து இல்லை. விடிய ஐந்து மணிக்கு ஜெபம், பிறகு வேலை, மறுபடி ஜெபம். முதல் நாற்பது நாள் வீட்டார் முகம் பார்க்கக்கூடாது. கட்டணமும் கிடையாது, பதிலாக, சேர்த்துவிட்டவர்கள் வாரத்தில் ஒருநாள் இல்லத்தின் கடையில் உழைக்க வேண்டும்.

கடை நகரத்துக்குள், புளியந்தீவில் இருந்தது. தேவாலயத்தார் கொடுத்த பழைய உடுப்பு, காலாடும் கதிரை, தொட்டில், பீங்கான் எல்லாம் அங்கே சீராக்கி மலிவாக விற்கப்படும். பார்த்துக்கொண்டவர் ஹரல்டின் மனைவி எடித். வதனியின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் ஒரு தையல் மெசினைக் காட்டி, "மகள், வியாழக்கிழமையில வாங்க" என்றார்.

வாவிக்கரை இல்லத்தில் இருப்பவர்கள் துவைத்து உலர்த்திய உடுப்புகள் மூட்டையாகக் கடைக்கு வரும். பொத்தான் தைத்து, கிழிசல் அடைப்பது வதனியின் வேலை. இரண்டாவது வியாழன், ஒரு நீலச் சட்டையின் பையில் விரல் விட்டபோது, புளியங்கொட்டை அளவுக்கு மடித்த கடதாசி ஒன்று அகப்பட்டது. தம்பியின் கையெழுத்து. கடையில் தைப்பது அக்காதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

'அக்கா, என்னைக் கூட்டிட்டுப் போ. நான் திருந்திட்டன்.'

பன்னிரண்டு நாளில் திருந்தியிருக்கிறான். இந்தச் சொல்லை அவள் எத்தனை தரம் கேட்டிருக்கிறாள்! கடதாசியைத் தன் இடுப்பில் செருகிவிட்டு, நீலச் சட்டையைத் தைத்தாள். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

அடுத்த வியாழன் இன்னொன்று. 'இஞ்ச சோறு தாறானுகளில்ல. அடிக்கிறானுகள். நீ வராட்டி எனக்கு ஆர் இரிக்கா?'

வதனி தைப்பதை நிறுத்தினாள். சாப்பாடு எப்படி என்று எடித்திடம் சுற்றிவளைத்துக் கேட்டாள்.

"நான்தானே மகள் சமைச்சு அனுப்புறன். நேத்து கீரிமீன் சொதி. உங்கட தம்பி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினவராம்."

பொய். தம்பி எழுதியது பொய்தான் என்று தெரிந்ததில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இனி எது எழுதினாலும் இளகக்கூடாது என்று அன்று பஸ்ஸில் முடிவெடுத்துக்கொண்டாள்.

நாலாவது வியாழன் காலை பத்து மணி இருக்கும். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடக் காற்சட்டைப் பையில் கடதாசி இருந்தது. எழுத்து கோணல்மாணலாக ஓடியது.

'அக்கா, நான் உனக்குச் செஞ்சதெல்லாம் கண்ணுக்குள்ள வருது. நித்திரை இல்ல. உனக்கு இனிக் கரைச்சல் தரமாட்டன். என்னைத் தேடாத.'

அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். மூட்டையைத் தள்ளிவிட்டு எடித்திடம் ஓடினாள்.

எடித் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "எல்லாரும் இப்பிடித்தான் எழுதுற, மகள். நாப்பது நாள் கழியட்டும். பொறுங்க."

"இல்ல அன்ரி. இது வேற." வதனி கடதாசியில் விரலை வைத்தாள். "மூணு வருசமா அவன் எதையாவது கேக்காம என்னோட ஒரு சொல்லுக் கதைக்கல்ல. காசு கேப்பான், சோறு கேப்பான், கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேப்பான். இதில பாருங்க, ஒண்டுமே கேக்கல்ல."

எடித் மறுபடி வாசித்தார். பிறகு ஹரல்டுக்குப் போன் எடுத்தார். தோட்டத்தில் நிற்பான் என்றார் ஹரல்ட். "நிற்பான் எண்டு சொல்லாம, போய்க் கண்ணால பாருங்க" என்றார் எடித். மறுமுனையில் காலடிச் சத்தம் கேட்டது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. பதில் வரவில்லை.

உள்ளே துணி பார்த்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே வெளியே அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினார்கள். ஓட்டோவில் போன அந்தக் கால்மணி நேரமும் வதனி ஒரு கடவுளையும் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை.

இல்லத்து ஆண்கள் ரோட்டுப் பக்கமாகத் தேடிப் போயிருந்தார்கள். ஓடுகிறவன்தான் ரோட்டுக்குப் போவான். வதனி வாவிப் பக்கம் ஓடினாள். கண்டல் மரங்களுக்கு அப்பால், நெஞ்சளவு தண்ணீரில், முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நின்றான்.

"தம்பி!"

அவன் திரும்பினான். "வராத அக்கா. இதுக்கு அங்கால ஆழம்."

அவள் செருப்போடு இறங்கினாள். சேறு முழங்கால்வரை விழுங்கியது.

"உனக்கு நீந்தத் தெரியாது. போ அக்கா!"

"தெரியாதுதான்." இன்னும் ஓர் அடி வைத்தாள். "நீ போற இடத்துக்கு நானும் வாறன். வீட்டில எனக்கு ஆர் இரிக்கா?"

"என்னால ஏலா அக்கா. மண்டைக்குள்ள ஒரே இருட்டு. ஜெபிச்சும் போகுதில்ல. என்னை விடு."

அவள் பதில் சொல்ல வாய் திறந்தபோது கால் வழுக்கியது. கலங்கல் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. மேலே எது கீழே எது என்று தெரியாமல் கையை அடித்தாள். யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தபோது நிதுர்ஷனின் கைகள் அவளைத் தாங்கியிருந்தன. "பைத்தியமா உனக்கு? பைத்தியமா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். வதனியும் அப்போதுதான் அழுதாள். மூன்று வருட அழுகை.

இருவரும் கரையேறி உட்கார்ந்தபோது ஹரல்ட் மூச்சிரைக்க வந்து நின்றார். நிதுர்ஷனின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். "இது சாத்தானின்ட வேலை. உபவாசம் இருந்து ஜெபிப்பம்."

"ஜெபியுங்க பாஸ்டர்." ஈரச் சீலையோடு வதனி எழுந்தாள். "வேணாமெண்டு சொல்லல்ல. நானும் கும்பிடுறவள்தான். ஆனா இவனை இப்ப டொக்டரிட்டக் காட்டோணும்."

"நான் ஒரு குளிசையும் இல்லாமத்தான் தப்பினன், மகள்."

"நீங்க தப்பினீங்க. இவன் தண்ணிக்குள்ள நிண்டவன்."

ஹரல்டின் முகம் சட்டென்று கிழடுதட்டிப்போனதுபோல் இருந்தது. எடித் சொன்னார்: "ஹரல்ட், ஓட்டோக்காரரை நிக்கச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் அவன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். வதனி தினமும் பஸ்ஸில் வந்து கட்டிலருகே இருந்துவிட்டுப் போனாள். அந்தப் போதை உடம்பைவிட்டு இறங்கும்போது மனதையும் பாதாளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், முதல் கிழமையிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். மருந்து எடுத்தாலும் பலர் திரும்பவும் விழுவார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு வாசலில் போய் நின்ற வதனிக்கு, எந்தப் பக்கம் போவதென்று கொஞ்சநேரம் பிடிபடவில்லை.

எட்டாம் நாள் பின்னேரம் ஹரல்ட் வந்தார். வேதப்புத்தகத்தை விரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் வந்து இருந்தார்.

"எனக்குச் சரிவந்தது எல்லாருக்கும் சரிவரும் எண்டு நினைச்சிட்டன், தம்பி. என்ட பிழை. டொக்டரோட கதைச்சிட்டன். மருந்து நேரத்துக்குத் தருவம், கிளினிக்குக்கும் நானே கூட்டிட்டு வருவன். நீங்க எங்கட இல்லத்துக்குத் திரும்பி வருவீங்களா?"

அவர் வதனியைப் பார்த்தார். முன்பென்றால் அவள்தான் பதில் சொல்லியிருப்பாள். இப்போது தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியா" என்றான் நிதுர்ஷன்.

திருந்திவிட்டேன் என்றும் சொல்லவில்லை, சத்தியமும் செய்யவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டான்:

"வந்தா, அக்காவோட கதைக்க விடுவீங்களா?"

"விடுவம்."

வதனி ஒரு சுளையை நீட்டினாள். நிதுர்ஷன் வாங்கினான்; தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொல்லும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.