செறாய்க்கு இரண்டு வழி

மட்டாஞ்சேரியிலிருந்து செறாய்க்குப் போக இரண்டு வழி உண்டு. இது எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம் முழுக்க ராமபத்ரனும் அவர் தம்பி நாணுவும் அந்த இரண்டு வழியைப் பற்றியே சண்டை போட்டார்கள். ஜன்னல் திறந்திருந்த வீடுகளுக்கெல்லாம் பஸ் நேரம் மனப்பாடம்.

நாணுவோடு வேலை பார்க்கிற ஒருவருக்குச் செறாயில் தென்னந்தோப்பும் அதற்குள் ஓர் ஓட்டு வீடும் இருந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இருந்துவிட்டு வாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். மனிதர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

"ஃபோர்ட் கொச்சியிலே போட்டிலே ஏறினா பத்து நிமிஷத்திலே வைப்பின். அங்கேர்ந்து ஒரே பஸ்ஸு," என்றார் நாணு.

"ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம்டா. ஃபோர்ட் கொச்சி மேற்கேயாக்கும். கிழக்கே எறணாகுளம் போய், கலூர்லே பஸ் பிடிச்சுப் பறவூர் வழியாப் போகணும்." ராமபத்ரன் மிளகுக் கம்பெனியில் குமாஸ்தா. பஞ்சாங்கம் பார்க்காமல் ஷவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார்.

"பறவூர்லேர்ந்து செறாய் எந்தத் திக்கு அண்ணா?"

அதுவும் மேற்குதான். ராமபத்ரன் அன்றைக்கு மோர் விட்டுக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

கடைசியில் பந்தயம். அவரவர் வழியில் அவரவர் குடும்பம். யாருக்கு அதிக நேரம் ஆகிறதோ அவர் ஒரு மாதம் விடியற்காலை பால் வரிசையில் நிற்க வேண்டும். பால் வரிசையில் அதுவரை நின்றுகொண்டிருந்தவள் இவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த அம்மிணி. கல்யாணமாகிப் போய் ஏழே மாதத்தில் திரும்பி வந்தவள்; ஏன் வந்தாள் என்பதற்குத் தெருவில் மூன்று கதை உண்டு, மூன்றும் பொய். பதினாறு வருஷமாக அந்த வீட்டு அடுப்பு அவள் கையில்தான் எரிந்தது. பந்தயத்தைக் கேட்டுச் சிரித்தாளே தவிர, அவள் மனசு வேறெங்கோ இருந்தது. கடலை அவள் பார்க்காததல்ல. ஒரு மைல் நடந்தால் கடல். அடுப்பில்லாத ஒரு பகல் வேண்டும், அவ்வளவுதான். அதற்காகப் பெட்டியிலிருந்து வாடாமல்லிக் கலர் புடவையை எடுத்து இரண்டு நாள் முன்னாலேயே உதறி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறினாள், தயிர்சாதம் பிசைந்தாள். சூலதோஷத்துக்கு எல்லார் வாயிலும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் போட்டாள். ஆறு மணிக்கு அண்ணா கூட்டம் கிளம்பியது. அம்மிணி கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அவ நாணுவோட வரட்டும். நமக்கு எறணாகுளம் போட்டுக்கு நேரமாச்சு," என்றாள் மன்னி ஜெயலக்ஷ்மி. ஏழு மணிக்குத் தம்பி கூட்டம். அம்மிணி குளியலறையில் இருந்தாள். "சத்தத்தையே காணோம். அக்கா மன்னியோட போயாச்சு போலிருக்கு," என்றாள் நாணுவின் மனைவி ஸ்வர்ணலதா.

அம்மிணி புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது தயிர்சாதக் கேரியர் ஒன்றுதான் அவளுக்காகக் காத்திருந்தது.

அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். யாராவது திரும்பி வருவார்கள் என்று. எட்டு மணிக்கு எதிர்வீட்டுப் பாக்கியலக்ஷ்மி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என்னடி, நீ போகலியா?"

"போறேன் மாமி. பின்னாலே வரேன்னு சொல்லியிருக்கேன்."

"தனியாவா?"

"பின்னே? எனக்கு வழி தெரியாதா?"

சொல்லிவிட்டாள். இனி போகாமல் இருக்க முடியாது. சாயங்காலத்துக்குள் பள்ளுருத்திவரை செய்தி போய்விடும். பால் காசு டப்பாவிலிருந்து சில்லறையை எடுத்துக்கொண்டு, கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தன் வாயில் வெல்லம் போட்டுக்கொள்ள அவளுக்கு நினைவில்லை.

பூட்டிக் கிடந்த சுக்குக் கிடங்குகளைத் தாண்டி ஃபோர்ட் கொச்சிவரை நடந்தாள். போட்டு கிடைத்தது. வைப்பினில்தான் வினை. வந்த பஸ் ஒன்று நிற்காமலே போயிற்று. இன்னொன்று நின்றது, ஆனால் படிக்கட்டில் தொங்கியவர்களையே கண்டக்டர் இறக்கிக்கொண்டிருந்தான். அப்புறம் பஸ்ஸே இல்லை. மாமரத்தடியில் ஒரு திண்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சிமெண்டு படிந்த கால்களோடு ஒருத்தி. மதுரைப் பக்கத்து மூக்கம்மாள். ஞாறக்கலில் கட்டட வேலை.

"நீங்களும் தமிழாம்மா? பேச்சு மலையாளம் மாதிரில்ல இருக்கு," என்றாள் மூக்கம்மாள்.

"எங்காத்திலே இதுதான் தமிழ்."

"அது சரி. எங்க போறீக?"

"செறாய்க்கு. சும்மா."

"சும்மாவா?" மூக்கம்மாளுக்கு அது விளங்கவில்லை. "சும்மா போறதுக்கா இம்புட்டு வெயில்ல உக்காந்திருக்கீக?"

அம்மிணிக்குச் சிரிப்பு வந்தது. பசியும் வந்தது. கேரியரைத் திறந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். மூக்கம்மாள் மடியிலிருந்து பச்சை மிளகாய் எடுத்துக் கொடுத்தாள். தின்று முடித்து, குழாயடியில் கேரியரைக் கழுவி, காலை நீட்டி உட்கார்ந்து, தூரத்தில் கப்பல் ஒன்று நகர்வதையும் நகராததையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு மணி நேரம்.

ஒருவழியாக ஒரு பஸ் கிடைத்துச் செறாய் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. தோப்பு வீட்டு வாசலில் ஜெயலக்ஷ்மிதான் முதலில் பார்த்தாள். "அப்பாடா, தயிர்சாதம் வந்துடுத்து," என்றாள். அதுவரை, அவளை அழைத்து வராதது அந்தக் கூட்டம்தான் என்று இந்தக் கூட்டமும், இந்தக் கூட்டம்தான் என்று அந்தக் கூட்டமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

மன்னி கேரியரைத் திறந்தாள். பளபளவென்று கழுவிய அடிப்பாகம்.

"எங்கேடி சாதம்?"

"சாப்ட்டேன்."

"அத்தனையுமா?"

அதற்குள் ராமபத்ரன் கைக்கடிகாரத்தோடு வந்துவிட்டார். இரண்டு கட்சிக்கும் மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. வீட்டிலிருந்து கணக்கா, படகுத்துறையிலிருந்து கணக்கா என்ற சண்டை தீரவில்லை. தீர்த்துவைக்க மூன்றாவது ஆள் ஒருத்தி கிடைத்தாள்.

"எந்த வழியா வந்தே? எத்தனை நாழி ஆச்சு? உள்ளதைச் சொல்லு."

நாணுவும் வந்து நின்றார். "சொல்லேன் அக்கா."

அம்மிணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். உன்னை எப்படி விட்டுவிட்டு வந்தோம் என்ற கேள்வி இதற்கு அடுத்தாற்போல் வருமோ என்று கொஞ்சம் காத்திருந்தாள்.

"தெரியலை," என்றாள்.

"வந்தவளுக்கு வழி தெரியாதா?"

"கேட்டுக் கேட்டு வந்தேன்."

பந்தயம் அப்படியே கிடந்தது. கிணற்றடியில் புளியோதரைப் பாத்திரங்களும் எச்சில் தட்டுகளும் கிடந்தன. அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். கடைசித் தட்டைக் கவிழ்த்தபோது நாலரை. குழந்தைகள் மணலோடு திரும்பி வந்துவிட்டார்கள். கிளம்பும்போது மறுபடி சண்டை. தூங்குகிற குழந்தையைத் தூக்க அம்மிணி வேண்டும் என்றார் அண்ணா. பாத்திர மூட்டை எங்களிடம்தானே இருக்கிறது, அக்கா எங்களோடு என்றார் தம்பி.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்குப் பால் வரிசையில் பாக்கியலக்ஷ்மி அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கதை கேட்காமல் மாமிக்குத் தூக்கமே வந்திருக்காது, பாவம்.

"செறாய் எப்படி இருந்தது?"

"வைப்பின் நன்னா இருந்தது மாமி," என்றாள் அம்மிணி, பாத்திரத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு.