வலது பக்கச் சிரிப்பு

பழைய இசைத்தட்டு விற்க வருகிறவர்களிடம் கடைக்காரர் ஊசி சொல்லும் பொய் ஒன்றே ஒன்றுதான். தட்டைச் சுழலவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடி, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெல்லத் தலையை ஆட்டுவார். "அடடா, வலது பக்கம் சத்தமே வரலையே" என்பார். வந்தவர் முகம் தொங்கும். தொங்கிய பிறகுதான் விலையைப் பற்றிய பேச்சே ஆரம்பமாகும். வந்தவர் விவரமானவராக இருந்து, "அப்படியா, குடுங்க, வேற கடையில காட்டிக்கிறேன்" என்று கையை நீட்டினால், வலது பக்கத்துக்குக் கொஞ்சம் உயிர் வரும். இரண்டு பேருக்கும் தெரிந்து சொல்லும் பொய் பொய்யே இல்லை என்பது ஊசியின் கட்சி.

ஊசி என்பது இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசியால் வந்த பட்டப்பெயர். கடை மாடியில். கீழே தையற்கடை. "ஒரே கட்டடத்துல ரெண்டு ஊசி. என்னுது தைக்கும், அண்ணனுது குத்தும்" என்று தையல்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் வியாபாரம் கிடையாது. 'சண்டை ரெக்கார்டு' ரசிகர்கள் வருஷம் ஒருமுறை கூடும் நாள். உறையில் வேறு பெயர் இருந்தாலும் அவர்கள் வாயில் அதற்கு அந்தப் பெயர்தான். அந்த ராக் குழு அதைப் பதிவு செய்தபோது ஐந்து பேரில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. டிரம்ஸ் வாசித்தவர் கிட்டார்காரர் மடியில் சூடான காப்பியைக் கொட்டியதாகக் கேள்வி. பாடுகிறவனும் பாடுகிறவளும் புருஷன் பெண்சாதி. ஆளுக்கொரு வக்கீல் வைத்துப் பிரிந்துகொண்டிருந்தார்கள். கடைசிப் பாட்டில் அவன் கேள்வி கேட்பான், அவள் பதில் சொல்வாள். ஒரே அறையில் நிற்க மாட்டோம் என்று ஆளுக்கொரு நாள் வந்து பாடிவிட்டுப் போனார்கள். ஒலிப்பதிவாளர் அவனை இடது பக்கத்திலும் அவளை வலது பக்கத்திலும் குடிவைத்துவிட்டார். ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் கலந்து வரும். ஹெட்ஃபோனில் கேட்டால் இடது காதில் புருஷன், வலது காதில் பெண்சாதி, நடுவில் நம் தலை. குழு உடைந்தது, ரெக்கார்டு பிழைத்துக்கொண்டது.

"பக்கத்து ரூம்காரன் போடுவான், நான் செவுத்துல காத வெச்சுக் கேப்பேன்" என்று தையல்காரர் தன் ரெக்கார்டுக் கதையைத் தொடங்கினார். "மூணாவது பாட்டு வேகத்துக்குத்தான் இன்னிக்கும் மெஷின் மிதிக்கிறேன்."

"அதான் என் பேன்ட்டுல ஒரு கால் ஓடுது, ஒரு கால் நடக்குது" என்றார் பல் டாக்டர். அவருடைய கதை எல்லாருக்கும் மனப்பாடம். படிக்கிற காலத்தில் காதலித்த பெண் போகும்போது ரெக்கார்டை எடுத்துக்கொண்டு உறையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். அந்த உறை இன்றும் கிளினிக் சுவரில் தொங்குகிறது. "வலியில வர்றவன் அதப் பாத்து வாயத் தெறக்குறான்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஊசியின் மனைவி கணக்கிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்: "கல்யாணத்துக்கு முந்தி எங்ககிட்ட ஒரே ஹெட்ஃபோன். இடது பக்கம் இவரு, வலது பக்கம் நானு. இந்த மனுஷனுக்குக் கேள்வி மட்டுந்தான் கேக்கும். பதில் பூரா எங்கிட்ட. அதத் தெரிஞ்சுக்கத்தான் கட்டிக்கிட்டாரு."

ஊசியும் சிரித்தார். அவருக்குச் சில நாட்களாகவே வலது காது லேசாக அடைத்தாற்போல் இருந்தது. உள்ளே எங்கோ ஒரு கொசு விடாமல் ரீங்காரம். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும், தானாக வரும் என்று விட்டிருந்தார். பாட்டெல்லாம் நன்றாகத்தானே கேட்கிறது.

கூட்டத்தின் பழைய வழக்கு ஒன்று பாக்கி இருந்தது. முதன்முதலாக அச்சான தட்டுகளில் கடைசிப் பாட்டு முடிந்தபின் அவள் சிரிப்பாள், அப்புறம் வந்த தட்டுகளில் அதை வெட்டிவிட்டார்கள் என்பார் தையல்காரர். கட்டுக்கதை என்பார் டாக்டர். ஊசி டாக்டர் பக்கம். அத்தனை தட்டுகள் கை மாறியும் அந்த முதல் அச்சு மட்டும் அவர் கடைப் படியேறியதில்லை.

அன்று ஏறியது. ஒரு பள்ளிக்கூட டீச்சர், காலமான தம்பியின் ரெக்கார்டுப் பெட்டியிலிருந்து அதைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். வந்ததும் சொன்னார்: "உங்களப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். வலது பக்கம் வரலைன்னு என் காதுல பூ சுத்த வேணாம்."

கடையே சிரித்தது. தட்டைப் போட்டார்கள். முதலில் தையல்காரர் ஹெட்ஃபோனை மாட்டினார். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றே விட்டார். "சொன்னேனா இல்லையா. பாவி, என்ன மாதிரி சிரிக்கிறா." டாக்டர் வாங்கிக் கேட்டார். அவர் முகம் மாறியது. "தோத்துட்டேன்" என்றார். அடுத்து ஊசி.

இடது பக்கம் அவன் கேட்டான். வலது பக்கம் அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும், சொல்லுக்கு முந்திய மூச்சும், அவர் அறிந்த இடத்தில் அறிந்தபடி வந்தன. பாட்டு முடிந்தது. காத்திருந்தார். ஒன்றும் இல்லை. கொசு மட்டும்.

"யார் காதுல குத்துறீங்க? சிரிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நல்லாக் கேளுண்ணே. வலது பக்கம்."

மறுபடி வைத்தார். மறுபடி ஒன்றும் இல்லை. கூடிப் பேசிக்கொண்டு தன்னை ஓட்டுகிறார்கள் என்று நினைத்தார். அந்த நினைப்பு ஏனோ நிலைக்கவில்லை. டாக்டர் தோற்றதாக நடிக்கிற ஆள் இல்லை.

கடைக்காரர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஹெட்ஃபோனைத் திருப்பி, வலதை இடது காதிலும் இடதை வலது காதிலும் மாட்டிக் கேட்பது. குறை தட்டில் இருந்தால் அப்போது தெரிந்துபோகும். விற்க வந்தவர் எதிரில் ஊசி அதைச் செய்ததே இல்லை. செய்தால் தன் பொய் அம்பலமாகும். இப்போது திருப்பி மாட்டினார்.

பாட்டு முடிந்தது. இடது காதுக்குள், தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் போல அவள் சிரித்தாள். தோற்றவளின் சிரிப்பா ஜெயித்தவளின் சிரிப்பா என்று யோசிக்க ஊசிக்கு அவகாசம் இல்லை. இதுவரை வலது காதுக்கு அவள் குரலே வந்திருக்கவில்லை. அப்படியானால் சற்று முன் பாடியது யார்? இத்தனை நாளும் வலது பக்கம் பதில் சொன்னது யார்? எதைக் கேட்டதாக நினைத்தாரோ அது அத்தனையும் அவருக்கு மனப்பாடம். தெரியாத சிரிப்பு ஒன்றுதான் வரவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினார். ஒயரைச் சுற்றினார். இதை வெளியே சொன்னால் என்ன ஆகும்? ஒற்றைக் காதனிடம் யார் ரெக்கார்டைக் கேட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள்? சொல்லாமல் விட்டால் கொசு தானாகப் போய்விடாதா?

"கேட்டுச்சு" என்றார். "டீச்சர், நீங்க என்ன எதிர்பாக்குறீங்க?"

டீச்சர் பேரத்துக்கு இடம் வைத்து ஒரு விலை சொன்னார்.

"சரி" என்றார் ஊசி.

கல்லாவில் பேனா நின்றது. விலை குறைவாகச் சொல்லிவிட்டோமோ என்று டீச்சர் முகம் சுருங்கியது. மனைவி எழுந்து வந்தாள்.

"என்னங்க பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"மொத வெலைக்கு நீங்க சரின்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. நெஞ்சு வலிக்குதா?"

"வலது பக்கம் வரலை" என்றார் ஊசி.

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். தையல்காரர் தொடையைத் தட்டினார். "அப்பாடா, அண்ணன் நல்லாத்தான் இருக்காரு" என்றார். டீச்சர்கூட நிம்மதியாகச் சிரித்தார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"ரெக்கார்டுல இல்ல" என்றார் ஊசி. "எனக்கு."

அதற்கப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எப்போதிருந்து, வலி உண்டா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். "நான் பல்லுதான் பாக்குறவன். ஆனா இது தண்ணி போனதில்லைன்னு சொல்ல அது போதும். திடீர்னு இப்படி அடங்கிப்போற காதுக்கு நாளாக நாளாக மருந்து புடிக்காது. எங்கூட ஸ்கூல்ல படிச்சவன் காது டாக்டர், இன்னிக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. இப்பவே கெளம்புங்க."

"புடிக்குமா?"

"சீக்கிரம் போனா வாய்ப்பு இருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது."

"ஒரு மதிப்பாச் சொல்லுங்களேன்."

"இதுக்கு மதிப்பு கிடையாதுண்ணே. கெளம்புங்க."

தெருவில் இறங்கியதும் அச்சம் இன்னும் பெரிதாயிற்று. லாரி ஹாரன் இடது பக்கம் அடித்தது. ஊசி இடது பக்கம் பார்த்தார், தெரு காலி. சட்டைக் காலரைப் பிடித்து மனைவி பின்னால் இழுத்தபோது லாரி வலது பக்கத்திலிருந்து வந்து மூக்கை உரசிக்கொண்டு போனது. ஆட்டோவில் ஏறியதும் அவள் எழுந்து, அவரைத் தாண்டி, இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தன வருஷமா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டீங்க. இனி எதுல விடுவீங்களாம்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சிறிய கண்ணாடி அறை. காதைச் சோதிக்கும் பெண் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க சார். எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் சரி. கேக்கலைன்னா சும்மா இருங்க."

சும்மா இருப்பது ஊசிக்குக் கைவராத வித்தை. இடது காது வெண்ணெயாக முடிந்தது. பிறகு வலது. ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்ணின் முழங்கை அசைவதைப் பார்த்தார். முழங்கை அசைந்தால் சத்தம் அனுப்புகிறாள் என்று அர்த்தம். அசைந்தது, அழுத்தினார். அசைந்தது, அழுத்தினார். எதிராளியின் முகம் பார்த்தே காலம் தள்ளியவருக்கு முழங்கை பெரிய விஷயமா?

அவள் எழுந்து உள்ளே வந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். "எங்கிட்ட ஜெயிச்சு என்ன சார் பண்ணப் போறீங்க? மருந்தோட அளவ இத வெச்சுத்தான் பாப்பாங்க."

சுவர். பஞ்சு ஒட்டிய சாம்பல் நிறச் சுவர். பார்க்க ஒரு முகம் இல்லை. அந்த அமைதிக்குள் ரெக்கார்டில் பாடுகிறவள் பாடத் தொடங்கினாள். வலது பக்கம், சொல்லுக்கு முந்திய மூச்சோடு, இடம் தவறாமல். கட்டைவிரல் பட்டனை நோக்கி இறங்கியது. இது சத்தமில்லை, மனப்பாடம் என்று விரலுக்குச் சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது. அவள் முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். முடிந்த இடத்தில் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. அதை இடது காதல்லவா கேட்டது. வலது காதுக்கு அந்தச் சிரிப்பு தெரியாது.

பிறகு வெறும் இருட்டு. கொசுகூட எங்கோ தள்ளிப் போயிருந்தது.

அந்த இருட்டில், வெகு தூரத்தில், அடுத்த தெருவில் யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போனதுபோல் மெல்லிசாக ஒன்று. சுருதி இல்லை, அழகு இல்லை. எந்த ரெக்கார்டிலும் அவர் கேட்டிராத சத்தம்.

அழுத்தினார். சுவரைப் பார்த்தபடியே அடுத்ததற்குக் காத்திருந்தார்.