காந்தம் தூக்காத பல்

"இரும்புல காந்தம் ஒட்டாதா? எந்த ஸ்கூல்மா உனக்கு இதச் சொல்லிக் குடுத்துச்சு?" என்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த செந்தில்நாதன் சார் என்னிடம் கேட்டார். அவர் அப்பாவின் சூப்பர்வைசர். நான் பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவள். அப்பா இசக்கிமுத்து, "உள்ள போ புள்ள" என்றார்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கரி ஓடும் பெல்ட்டுக்கு மேலே பெரிய மின்காந்தம் தொங்கும். கரியோடு வரும் இரும்பை அது தூக்கிவிடும். ஷிப்ட் முடியும்போது அதை ஆஃப் செய்து, ஒட்டியதைத் தட்டிவிட்டு, மறுபடி ஆன் செய்ய வேண்டும். முந்தாநாள் கரி வெட்டும் இயந்திரத்தின் பல் ஒன்று உடைந்து, காந்தத்தையும் தாண்டிப் போய், பெல்ட்டை நீளமாகக் கிழித்துவிட்டது.

ஆன் செய்ய மறந்துவிட்டோம் என்று அப்பாவே நம்பிவிட்டார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. 'என் கவனக்குறைவு' என்று எழுதி சார் கொண்டுவந்த தாளில் சற்று முன்புதான் கையெழுத்துப் போட்டார். இனி சுரங்கத்துக்குள் போக கேட் பாஸ் கிடையாது, வேலையும் கிடையாது.

சார் சாட்சிக்குக் கொண்டுவந்த பல் தரையில் கிடந்தது. உடைந்த புளூடூத் ஸ்பீக்கரின் காந்தத்தைச் சும்மா அதில் வைத்தேன். வழுக்கி விழுந்தது. அதனால்தான் "ஒட்டல சார்" என்று வாய் திறந்தேன்.

நான் உள்ளே போகவில்லை. காந்தத்தைத் தாழ்ப்பாளில் வைத்தேன், டப்பென்று ஒட்டியது. பல்லில் வைத்தேன், விழுந்தது.

"இன்னொரு தடவ வையி." சாரிடம் இப்போது சிரிப்பு இல்லை.

விழுந்தது.

பல்லில் பெயர்ந்திருந்த சில்லு ஒன்றை நூலில் தொங்கவிட்டேன். காந்தம் கிட்டே போனதும் மயிரிழை சாய்ந்தது. விலக்கியதும் நேரானது.

"இழுக்குது சார். தூக்குற அளவுக்கு இல்ல. மாங்கனீஸ் நிறைய கலந்த இரும்பு இப்படித்தான்னு படிச்சிருக்கேன்."

"காந்தம் ஆன்ல இருந்தாலும்?" என்றார் சார்.

"மேல வராதுங்க."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நான் ஆன் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்! ஐயோ, ரெண்டு நாளா... சார், போன மாசம் புதுப் பல்லு மாட்டச் சொன்னது நீங்கதான? அந்தத் தாளக் குடுத்துருங்க சார்."

சாரின் முகம் வெளுத்துவிட்டது. கை சட்டைப் பைக்குப் போனது. தாள் பாதி வெளியே வந்தது. பிறகு அதை உள்ளே தள்ளிப் பட்டனைப் போட்டார். குனிந்து பல்லை எடுத்தார். என் விரலிலிருந்து நூலையும் சில்லோடு உருவிக்கொண்டார். அப்பா நீட்டிய கையை மடக்கவே இல்லை. சார் பைக்கை ஸ்டார்ட் செய்து போய்விட்டார்.