ரதம் நின்ற நேரம்

எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி சாருக்கு நேர்கோடு என்றால் உயிர். நகரும் பொருள் ஏதாவது ஒன்றின் வேகத்தை அளந்து, நேரத்துக்கு எதிராகத் தூரத்தைக் குறித்து வரைபடம் போடச் சொன்னார். எது நன்றாக வருகிறதோ அது மாநில அறிவியல் போட்டிக்குப் போகும். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று படிவம் நான்கு வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

பையன்கள் மோட்டார் சைக்கிளை அளந்தார்கள். என் தோழி ஜோவான் பட்டர்வொர்த் போகும் ஃபெரிக் கப்பலில் போய் வந்து அதை அளந்தாள். நான் தைப்பூச ரதத்தைப் பிடித்தேன். விடியலில் அது நகரத்துக் கோயிலிலிருந்து கிளம்பி தண்ணீர்மலைக் கோயில் அடிவாரம் போய்ச் சேரும்வரை, கைப்பேசியும் கையுமாகப் பக்கத்திலேயே நடந்தேன். செருப்பு அறுந்துபோனதுதான் மிச்சம்.

ரதம் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். வழிநெடுக தேங்காய்க் குவியல். தமிழர்கள் குவித்தது பாதி, சீனக் கடைக்காரர்கள் குவித்தது பாதி. உடைத்து, ஓட்டுச் சில்லுகளைக் கூட்டித் தள்ளி, அர்ச்சனைத் தட்டுகளை மேலே ஏற்றி இறக்கிய பிறகுதான் சக்கரம் மறுபடி உருளும். அதனால் என் வரைபடம் மாடிப்படி மாதிரி வந்தது. கொஞ்சம் ஏறும், பிறகு நீளமாகப் படுத்துக்கொள்ளும்.

"என்னம்மா தனுஜா இது?" என்றார் சார். "நின்ன நேரத்தயெல்லாம் கழிச்சிடு. ஓடுன நேரத்த மட்டும் வச்சுப் போடு. கோடு அழகா வரும்."

"மொத்தத் தூரத்த மொத்த நேரத்தால வகுக்கணும்னு போர்டுல எழுதுனது நீங்கதானே சார்?"

"அது பாடம்லா. இது போட்டி. நடுவருங்களுக்கு இந்த மாதிரி கோணக்கோடு பிடிக்காது. வெள்ளிக்கிழம கிளாஸ்ல காட்டு. கழிச்சா நீ போற. இல்லன்னா ஜோவான் போவா."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் கழித்துத்தான் பார்த்தேன். கோடு வாரிவிட்ட தலை மாதிரி நேராக வந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஆசையாக இருந்தது. அப்புறம்தான் எதையெல்லாம் அழித்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் ஒன்று எங்கள் வீட்டு வாசல். ஏழு வயதில் டெங்கிக் காய்ச்சலில் நான் கண் திறக்காமல் கிடந்தபோது, ரதத்துக்குத் தேங்காய் உடைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். பிழைத்தேன். அன்றிலிருந்து வருடம் தவறாமல் ரதம் எங்கள் வாசலில் நிற்கிறது. அழித்ததையெல்லாம் திரும்பப் போட்டேன். நின்ற இடங்களுக்குச் சிவப்பு மை தடவினேன்.

வெள்ளிக்கிழமை அட்டையை விரித்ததும் வகுப்பு சிரித்தது. சாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"கழிக்கலையா?"

"இல்ல சார்."

"சரி, ஒரு கேள்வி. ரதம் மறுபடி கோயிலுக்கே திரும்பிடும். கிளம்புன இடத்துக்கே வந்துட்டா இடப்பெயர்ச்சி பூஜ்யம். அப்ப திசைவேகமும் பூஜ்யம். இவ்வளவு இழுத்து என்னம்மா நகர்ந்துச்சு?"

மறுபடியும் சிரிப்பு. எங்கள் வாசல் இருக்கும் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தேன்.

"பூஜ்யம்தான் சார். அதையும் கீழ எழுதியிருக்கேன். ஆனா இந்த இடத்துல ரதம் எனக்காக நின்னுச்சு. எனக்கு டெங்கி வந்தப்ப எங்கம்மா வேண்டிக்கிட்டது. மத்த கோடெல்லாம் மத்தவங்க வீடு. அவங்க வேண்டுதல கழிக்க நான் யாரு சார்?"

சிரிப்பு நின்றுவிட்டது. சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "போட்டிக்கு ஜோவான்," என்றார்.

வலித்தது. அட்டையைச் சுருட்டவில்லை. நேராகப் போய், பலகையில் அவர் எழுதிவைத்திருந்த சூத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன்.

"தனுஜா, அத எடு."

"எடுக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்களே எடுங்க."

சார் எழுந்து வந்தார். ஒட்டியிருந்த மூலையைப் பிய்க்கக் கை உயர்ந்தது. சிவப்புக் கோட்டுக்கு முன்னால் வந்து அப்படியே நின்றது.

எவ்வளவு நேரம் என்று நான் அளக்கவில்லை.