நாலு நூலகத்துக்கு ஒரு தலைமை

இப்போதெல்லாம் ஒரு ஆளை வேண்டாமென்று முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்கும் வாய் வருவதில்லை. உட்காரவைக்கிறான், டீ தருகிறான், உங்களைப் போல உண்டா என்கிறான். வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது, கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான் என்று. "போய்யா வெளியே" என்கிறவன் தேவலை. அவனைத் திட்டிவிட்டாவது வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். வண்டிக்காரருக்குப் படித்தவர்கள் மேல் சுத்தமாக நம்பிக்கை கிடையாது. அவர் பெற்ற மகளும் படித்தவள்தான். அது வேறு விஷயம்.

நான்கு ஆராய்ச்சி நூலகங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தன. ஒரே புத்தகத்தை நான்கு பேரும் வைத்துக்கொண்டு இடத்தை அடைப்பானேன்? ஒருவர் எல்லாருக்குமாக வைத்துக்கொள்வது, மற்றவர்கள் தங்களுடையதைக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவது. யார் வைப்பது, யார் கழிப்பது என்று சொல்ல ஒரு தலைவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கழி என்றால் நான்கு பேரும் அடுத்தவனைக் கை காட்டினார்கள். பழைய தலைவர் எல்லாரிடமும் ஏச்சு வாங்கியே ஓய்வு பெற்றுப் போனார். அந்த நாற்காலிக்குத்தான் மகள் மனுப் போட்டிருந்தாள். நான்கில் ஒரு நூலகத்தில் அவள் துணை நூலகர். நான்குக்கும் புத்தகம் ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா.

"கிடைச்சிரும்ப்பா. என்னை விட்டா யாரு இருக்கா?"

"கிடைச்சா சரி" என்றார். கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

நேர்காணலின் நடுவில் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான்கு நூலகத் தலைவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய நூலகத்துக்காரர் நடுவில். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வண்டிக்காரர் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயரும் வெள்ளைச்சட்டைதான்.

"பெரியவரே, உங்க பொண்ணோட நூலகத்துல பழைய பத்திரிகைத் தொகுப்பு இருக்கே, ஒரே நடையில ஏறுமா?"

"ரெண்டு நடை ஆகும்ங்க. எங்க போகணும்?"

"ஆலைக்கு." வெள்ளைச்சட்டை வண்டிக்காரரின் மகளிடம் திரும்பினார். "அதே தொகுப்பு எங்ககிட்டயும் இருக்கும்மா. தலைவர்னா தன் வீடு, அடுத்த வீடுன்னு பார்க்கக் கூடாதில்ல? உங்க கையாலயே கழிச்சுக் காட்டுங்க. எங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும்."

அவளுடைய நூலகத்தின் பெருமையே அந்தத் தொகுப்புதான். அவள் கண்கூட இமைக்கவில்லை.

"நாளைக்கே அனுப்பிடறேன் சார்."

அடுத்து நேர்காணலுக்குப் போனவர் இன்னொரு நூலகத்து ஆள். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவதால் தலையாட்டி என்று பெயர். அவரிடமும் இதே கேள்விதான். "பார்த்துச் செய்யலாம்ங்க, என்ன அவசரம்" என்று அவர் இழுத்தது தாழ்வாரம்வரை கேட்டது.

மறுநாள் பாதி மூட்டை ஏறியபோது ஆராய்ச்சிக்காரர் ஒருவர் நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அணை கட்டும்போது மண் சரிந்து செத்துப்போன கூலியாட்களைப் பற்றி எழுதுகிறவர். வருஷக்கணக்காக அந்தப் பத்திரிகைகளுக்குள்தான் கிடந்தார். செத்தவன் பெயர் தட்டுப்பட்ட பக்கத்திலெல்லாம் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்.

"நிறுத்துங்கண்ணே! என் சீட்டெல்லாம் உள்ள இருக்கு!"

வண்டிக்காரர் மகளைப் பார்த்தார். "ஒரு நாள் பொறுக்கலாமேம்மா. அந்த ஆளு உருவிக்கட்டும்."

"பொறுத்தா எனக்கு மனசு வரலைன்னு சொல்லிடுவாங்கப்பா." ஆராய்ச்சிக்காரரிடம் திரும்பினாள். "இதே பக்கங்க பெரிய நூலகத்துல இருக்கு சார். அங்க போய்ப் பாருங்க."

"பக்கம் இருக்கும். என் சீட்டு இருக்குமாம்மா?"

"நூலகத்துப் புத்தகத்துல சீட்டு வைக்கிறதே தப்பு."

அந்த மனுஷன் வேனின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "சாரை மெதுவா இறக்கி விடுங்க" என்றாள். சுமையாட்கள் இருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒரு செருப்பு வேனிலேயே கிடந்தது. அதை அவள்தான் குனிந்து எடுத்து, பவ்வியமாக அவர் காலடியில் வைத்தாள். அதைப் பார்க்க வண்டிக்காரருக்கு இன்னும் கசந்தது. ஆனாலும் வேனைக் கிளப்பினார். ஆலையில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியபோது சீட்டுகள் எல்லாப் பக்கமும் பறந்தன. அங்கிருந்தவன் துடைப்பத்தால் கூட்டி உள்ளே தள்ளினான்.

முடிவு சொன்ன அன்று வெள்ளைச்சட்டை எழுந்து நின்று அவளைப் பாராட்டினார். அப்புறம் சிரித்தார்.

"நீங்க ஒண்ணும் தப்பா நினைக்கக் கூடாது. சொந்த நூலகத்தையே ஒரே நாள்ல கழிச்சவங்க, எங்களோடதை விட்டு வைப்பீங்களா?"

மற்ற மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். நாற்காலி தலையாட்டிக்குப் போயிற்று. அவருக்குக் கூடவே இருந்து வேலை கற்றுக்கொடுக்கும்படியும், வரவேற்புரையை எழுதித் தரும்படியும் அவளைக் கேட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் வண்டிக்காரர் அவள் அறைக்குப் போனார். வரவேற்புரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"அந்த நொண்டி மனுஷன் பெரிய நூலகத்துக்குப் போனானாம். வெளியாளுக்கு அனுமதி இல்லைன்னு வாசல்லயே திருப்பிட்டாங்களாம்."

"அதை இனி புதுத் தலைவர் பார்த்துக்குவார்."

"உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கம்மா."

"இல்லப்பா. பெரிய நூலகத்து சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். அடுத்த தடவை எனக்குத்தான்னு சொல்லியிருக்காரு."

"நாலு பேர் முன்னால சொன்னாரா?"

"தனியாத்தான் சொன்னாரு. எல்லாத்தையும் ஊரைக் கூட்டியா சொல்வாங்க? நீங்க யாரைத்தான் நம்பியிருக்கீங்க?" எழுதுவதை நிறுத்தாமலே தொடர்ந்தாள். "நாளைக்கு நம்ம அகராதிகளையும் ஆலைக்கு அனுப்பறேன். நமக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லைன்னு காட்டணும்ல."

"அந்த நடைக்கு வேற ஆளைப் பாரு."

"பார்த்தாச்சுப்பா." இப்போதுதான் நிமிர்ந்தாள். "உங்களுக்கு வயசாச்சு, பாவம், வீட்டுல ஓய்வா இருக்கட்டும்னு சாரே சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். உங்க மேல அவருக்கு எவ்வளவு அக்கறை பாருங்க."

வண்டிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று தேடினார். இல்லை, நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறாள்.

"இருக்கும், இருக்கும்" என்றார். கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினார். "அடுத்த தடவை பாருங்கப்பா!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கிழிச்சாங்க" என்று முனகியபடி வெளிவாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.