தபால்காரம்மாவின் சரிந்த தரை

தபால்காரம்மா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட வாரத்திலிருந்து, அவள் எங்கே நின்றாலும் தரை அவள் முதுகுப் பக்கமாகச் சரிந்தது. சமையலறை உருளைக்கிழங்கு கூடம்வரை உருண்டு வந்தது. டம்ளரில் காபி ஒரு பக்கமாக வழிந்தது. அவள் அறையை விட்டுப் போனதும் தரை ஒன்றும் தெரியாததுபோல் மட்டமாகிவிடும். எலும்பெல்லாம் உள்ளே பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது என்றார் டாக்டர். தரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர் பிரிவு அல்ல. மகன் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு தடவ விழுந்தா முதியோர் இல்லம்தாம்மா. எங்களால ஆகாது." சொன்ன கையோடு பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தான். மருமகள் அதைத் துடைத்து வைத்தாள்.

ஆகவே ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறையில் தினமும் நடந்த சமநிலைப் பயிற்சிக்குப் போனாள். எலும்பு தேய்ந்த கிழவிகள் இரண்டு வரிசையாக, ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கொக்குபோல ஒற்றைக்காலில் நின்றார்கள். ஒருத்திக்கும் இன்னொருத்தியைப் பிடிக்காது. யாராவது தடுமாறினால் மற்றவர்கள் முகத்தில் ஒரு களை வரும். தரை சரிவதைப் பார்த்த பயிற்சிக்காரி நாற்காலிக் கால்களுக்கு அட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, "அசையாத ஒரு பொருளப் பாத்துக்கிட்டே விரல ஒவ்வொண்ணா எடுங்க" என்றாள். எல்லோரும் சுவிட்சையும் ஜன்னல் கம்பியையும் பார்த்தார்கள். தபால்காரம்மா எதிர்வரிசையில் நின்ற நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். தபால்காரம்மாவின் புருஷன் சாகக் கிடந்தபோது பெரிய ஆஸ்பத்திரி வேண்டாமென்று தடுத்தது யார் என்ற சண்டையில் இறுகிய முகம் அது. பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் இளகியதில்லை. அதைவிட அசையாத பொருள் அந்த அறையில் இல்லை. இடுப்பு முறிந்து தேறியிருந்த நாத்தனாரும் அவளையே முறைத்தாள். தரை மட்டமானது. இருவர் கையும் நாற்காலியை விட்டது.

"என்ன அண்ணி, இன்னும் போய்ச் சேரலையா?"

"உன்னை அனுப்பிட்டுப் போகலாம்னு இருக்கேன்."

ஒரு நாள் முறைப்பு மறுநாள்வரை தாங்கியது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அப்படியே போயின. தபால்காரம்மா கோடு போட்டதுபோல் ஒரு காலின் விரல் நுனியில் மறுகாலின் குதிகாலை வைத்து நடந்தாள். பயிற்சிக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உங்க முகத்தப் பாத்துத்தான் உங்க அண்ணி விழாம நிக்கிறாங்க" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து நாத்தனார் வரவில்லை.

தரை முன்னைவிட மோசமாகச் சரிந்தது. தபால்காரம்மா பழைய குடும்பப் புகைப்படத்தை எதிரே மாட்டிப் பார்த்தாள். படத்தில் நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்ததால் பலிக்கவில்லை. மருமகள் பெட்டியில் புடவைகளை அடுக்கத் தொடங்கிய காலையில், தபால்காரம்மா சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் தரை சரிந்து, பீரோ, கட்டில், மிக்ஸி எல்லாம் பின்சுவரில் போய்க் குவிந்திருந்தன. நாத்தனார் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் விழறத வேடிக்கை பாக்க வந்தியா?"

"உன் மூஞ்சி எனக்கு வேணும். இப்படித் திருப்பு."

"அண்ணனக் கொன்னவ நீ."

"நீதான்டி வேண்டாம்னு வாசல்ல குறுக்கே நின்ன."

நாத்தனார் திரும்பினாள். முறைத்தார்கள். பீரோ முனகியபடி தன் இடத்துக்கு நகர்ந்தது. மகன் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் எதிரெதிரே ஒற்றைக்காலில் நின்று, ஒருவர் சாவை ஒருவர் விசாரித்துவிட்டுப் பிரிகிறார்கள். சமாதானம் பேசப் போன உறவுக்காரர்களை இருவருமே துரத்திவிட்டார்கள்.

இப்போது அந்தத் தெருவில் புது வீட்டுக்குத் தரை போடும் கொத்தனார்கள் ரசமட்டம் கொண்டுவருவதில்லை. கிழவிகள் இருவரையும் அறையின் இரண்டு ஓரங்களில் நிறுத்திவிட்டு ஓடு பதிக்கிறார்கள். குளியலறை என்றால் மட்டும் அன்றைய முறைப்பைத் தள்ளிவைத்துவிட்டு, ஒருத்தியை மட்டும் கூட்டிப்போய், ஒரு நாற்காலியும் கொடுத்து, தண்ணீர் போகும் ஓட்டைக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்கிறார்கள். அங்கே வாட்டம் வேண்டும்.